எட்டரைக்குப் பதினொன்று!

"பிரிண்டிங்கா? அதுக்கு எதுக்குப்பா இன்ஜினீயரிங்? ஜெராக்ஸ் கடை வைக்கப் போறியா?"

கல்யாண வீடு, காதுகுத்து, பக்கத்து வீட்டு மொட்டைமாடி... எங்கே போனாலும் இந்தக் கேள்வி எனக்கு முன்னாடியே போய் உட்கார்ந்திருக்கும். அச்சுத் தொழில்நுட்பம் மூணாவது வருஷம் படிக்கிறேன் பாஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க 'பேக்கேஜ்'னு சொன்னா லட்சம். நாங்க 'பேக்கேஜ்'னு சொன்னா அட்டைப்பெட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்!

இந்தக் கேள்விக்கு நான் பல வருஷமா வைத்திருந்த ஒரே பதில், எங்க பெரியம்மா பொண்ணு. 'எங்க அக்கா சிவகாசில பிரிண்டிங்தான். இப்போ கனடால இருக்கா'ன்னு காலரைத் தூக்கிவிட்டுச் சொல்வேன். கேட்டவர் கப்சிப். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அக்கா ரொம்ப சாதாரணமாக ஒண்ணு சொன்னாள். "டேய், நான் இங்க வந்து முதல்ல பார்த்த வேலையே ஜெராக்ஸ் கடைதான்டா. நாலு மாசம் அம்மாகிட்டகூட சொல்லலை."

நான் 'ஙே' என்று முழித்தேன். வெளிநாடு போய் டிசைன், பிரிண்டிங் வேலை தேடலாம்னு நினைக்கிற ஆள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்க. அக்கா கதையைச் சொல்லிடறேன்.

முதல்ல அக்கா யாருன்னு தெரியணும். டிப்ளமோ முடித்துவிட்டு குட்டி ஜப்பானில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் ஆறு வருஷம். டிசைன் செக்‌ஷனில் சேர்ந்து, பிளேட் போடுற ரூமுக்குப் பொறுப்பாளர் ஆனவள். சிவகாசியில் ஆடிப் பதினெட்டு வந்தால் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியே வந்தாகணும். அந்த நாட்களில் அக்கா வீட்டுக்கு வருவதே டிபன் பாக்ஸ் மாற்றத்தான். மெஷினில் இருந்து வந்த ஷீட்டை ஒரு தடவை பார்ப்பாள். "முருகனுக்கு மெஜந்தா ஏறிப் போச்சு, குறைங்கண்ணே" என்பாள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதுதான் சரியாக இருக்கும். இருபது வருஷ சர்வீஸ் போட்ட மெஷின்மேன் அண்ணன்களே 'பாப்பா பார்த்துடுச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் ஓட்டுவார்கள்.

அத்தானுக்கு டொராண்டோ பக்கம் ஒரு காலேஜில் ரெண்டு வருஷப் படிப்புக்கு இடம் கிடைக்க, 2022 ஆகஸ்டில் ரெண்டு பேரும் கிளம்பினார்கள். அப்போ மாணவரின் மனைவிக்கு வேலை அனுமதி சுலபமாகக் கிடைத்தது. (இங்கேயே ஒரு நிமிஷம். அந்தக் கதவு இப்போ பாதி சாத்தியாச்சு. 2025 ஜனவரி 21 முதல், துணைவருக்குத் திறந்த வேலை அனுமதி வேணும்னா படிக்கிறவர் 16 மாசமாவது நீளமுள்ள முதுகலையோ, முனைவர் பட்டமோ, குறிப்பிட்ட சில தொழிற்படிப்போ படிக்கணும். 'என் சீனியர் அக்காவுக்குக் கிடைச்சுதே'ன்னு பழைய கதையை நம்பி லோன் போட்டுடாதீங்க.)

போய் இறங்கிய மூணாம் நாளே அப்ளிகேஷன் போட ஆரம்பித்துவிட்டாள். பயோடேட்டாவில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பேர், திருமணமானவர் என்ற தகவல் எல்லாம் இருந்தது. அந்த ஊரில் இது எதையுமே போடக் கூடாது, பாரபட்சம் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. கூடவே நாற்பது பக்க பி.டி.எஃப். லட்சுமி, சரஸ்வதி, பழநி முருகன், பட்டுப்புடவைப் பெட்டி, தீப்பெட்டி லேபிள். எண்பதுக்கும் மேல் அனுப்பினாள். கிடைத்த பதில்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் ரெண்டு, 'கனடா அனுபவம் இருக்கிறதா?'

கனடாவில் வேலை கொடுத்தால்தானே கனடா அனுபவம் வரும்? இந்தக் கோழி - முட்டை சமாசாரத்தால் பாதிக்கப்பட்டவர்கள் அங்கே அவ்வளவு பேர். ஒன்டாரியோ மாகாண அரசே சட்டம் போட்டுவிட்டது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், 2026 ஜனவரி 1 முதல் பொது விளம்பரத்தில் 'கனடா அனுபவம் தேவை' என்று போடக் கூடாது. சம்பளம் எவ்வளவு என்பதையும் விளம்பரத்திலேயே சொல்லணும். நல்லதுதான். ஆனா விளம்பரத்தில் எழுதக் கூடாதுன்னா மனசில் நினைக்கக் கூடாதுன்னு அர்த்தம் இல்லையே!

அடுத்த பல்பு, சாஃப்ட்வேர். நம்ம ஊர் அச்சகங்களில் கோரல்டிராதான் ராஜா. அக்கா அதில் கண்ணை மூடிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை போடுவாள். அங்கே விளம்பரத்துக்கு விளம்பரம் இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர், அக்ரோபாட். மூணும் தெரியும், ஆனா கை ஓடாது. மாசாமாசம் அடோபிக்குப் பணம் கட்ட வழியும் இல்லை. அப்போதான் டொராண்டோ பொது நூலகம் கை கொடுத்தது. அதன் சில கிளைகளில் டிஜிட்டல் இன்னோவேஷன் ஹப் என்று ஒரு பகுதி உண்டு. அடோபி மென்பொருள் போட்ட கம்ப்யூட்டர்களை நூலக கார்டைக் காட்டி இலவசமாகப் பயன்படுத்தலாம். ஸ்கார்பரோ கிளையில் அக்கா டிசம்பர் குளிரில் போய் உட்கார்ந்து, தன் பழைய கோரல்டிரா வேலைகளையே இன்டிசைனில் மறுபடி போட்டுப் பழகினாள்.

2023 ஜனவரியில் கிடைத்தது அந்த வேலை. காப்பி ஷாப். (காபி இல்லை பாஸ், காப்பி! ஜெராக்ஸ் கடையேதான்.) மணிக்கு 15.50 டாலர். அப்போதைய ஒன்டாரியோ குறைந்தபட்ச சம்பளம் அது. கவுன்டரில் நின்று பாஸ்போர்ட் பிரதி எடுக்கணும், லேமினேஷன் போடணும், பேப்பர் கட்டைத் தூக்கி அடுக்கணும். "முதல் நாள் வீட்டுக்கு வந்து அழுதேன்டா. பிளேட் ரூம்ல என் சேரைக்கூட யாரும் தொட மாட்டாங்க. இங்க ஒருத்தர் வந்து, டபுள் சைடு போடத் தெரியுமான்னு கேட்டாரு."

முதல் வாரமே சொதப்பல். ஒரு கடைக்காரர் நோட்டீஸ் கேட்க, அக்கா ஜாலியாக ஏ-4 அளவில் போட்டுக் கொடுத்தாள். அங்கே ஏ-4 கிடையாது! வட அமெரிக்கா முழுக்க 'லெட்டர்' அளவுதான். எட்டரை அங்குலம் அகலம், பதினொரு அங்குலம் உயரம். நம்ம ஏ-4-ஐ விட அகலம் ஆறு மில்லிமீட்டர் கூட, உயரம் பதினெட்டு மில்லிமீட்டர் குறைச்சல். மெஷின் அதைத் தானாகவே சுருக்கி அடித்துத் தள்ள, ரெண்டு பக்கமும் பட்டையாக வெள்ளை. இருநூறு நோட்டீஸ் குப்பைக்கு. ஓனர் திட்டவில்லை. மேஜைக்கு மேலே ஒரு வெறும் லெட்டர் தாளை ஒட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்ததாம்.

தாளின் கனமும் அப்படித்தான். நமக்கு ஜி.எஸ்.எம். அங்கே பவுண்டு. அதிலும் 'டெக்ஸ்ட்' பவுண்டு வேற, 'கவர்' பவுண்டு வேற. 80 பவுண்டு டெக்ஸ்ட் என்றால் சுமார் 118 ஜி.எஸ்.எம், உள்பக்கத் தாள். அதே 80 பவுண்டு கவர் என்றால் சுமார் 216 ஜி.எஸ்.எம், அட்டை. நம்பர் ஒண்ணு, பேப்பர் ரெண்டு! ஆர்டர் எழுதும்போது அந்த ஒரு வார்த்தையை விட்டால் கதை கந்தல். அக்கா ஒரு குட்டி நோட்டுப் போட்டு இதையெல்லாம் எழுதினாள். அந்த நோட்டு இப்போ பி.டி.எஃப். ஆக என் மொபைலில் இருக்கிறது. கிளாஸில் இதெல்லாம் ஒரு டேபிளாக வந்தது. பரீட்சைக்கு முதல்நாள் பார்த்ததோடு சரி.

இப்படியே எட்டு மாசம் ஓடியது. கவுன்டரில் இருந்து உள்ளே இருந்த டிசைன் மேஜைக்கு நாலே எட்டு. ஆனா கூப்பிடுவார் இல்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஓர் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர்கள் நிறைய. அவர்கள் வழக்கத்தில், ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் ஒன்றை அச்சடித்துக் கொடுப்பார்கள். 'கல்வெட்டு' என்றும் சொல்வார்கள். வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், குடும்ப வழி, பேரப்பிள்ளைகள் எழுதியது எல்லாம் அதில் இருக்கும். ஐயாவின் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள். கையில் பென்டிரைவ்.

ஓனர் ஃபைலைத் திறந்தார். ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. எம், கே, செமிகோலன், கே, ஹெச்... 'வைரஸ்' என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கப் போனார். அக்கா கவுன்டரில் இருந்தே எட்டிப் பார்த்தாள். "சார், அது 'அம்மா'!"

பாமினின்னு ஒரு தமிழ் ஃபான்ட் இருக்கு பாஸ். யூனிகோடு பரவுவதற்கு முன்னாடி புலம்பெயர்ந்த தமிழர்கள் அதிகம் பயன்படுத்தியது. இன்னமும் பலருக்கு அதில்தான் கை ஓடும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்திருப்பார்கள். அந்த ஃபான்ட் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் 'அம்மா' என்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்றுதான் தெரியும். சிவகாசியில் இதே மாதிரி தலைவலி பிடித்த பழைய ஃபான்ட்களோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அக்கா. ஃபான்ட்டைப் போட்டாள், தமிழ் வந்தது. ஐயா முகத்தில் உயிர் வந்தது.

அதோடு முடியவில்லை. படித்துப் பார்த்தால் வரிக்கு வரி எங்கேயோ உதைக்கிறது. 'அம்மா' என்று தொடங்கவேண்டிய வாக்கியங்கள் எல்லாம் 'ஆம்மா' என்று தொடங்குகின்றன. அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். அக்கா விடவில்லை. கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. டைப் பண்ணிய வேர்டு சாஃப்ட்வேர், ஏதோ ஆங்கில வாக்கியம் என்று நினைத்து, முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கியிருக்கிறது. பாமினியில் சின்ன எம் என்றால் 'அ', பெரிய எம் என்றால் 'ஆ'. வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டும் பிழை வருவதற்குக் காரணம் அதுதான். தமிழ் தெரியாத எந்த டிசைனருக்கும் அது பிழை என்றே தெரிந்திருக்காது. தமிழ் தெரிந்தாலும் அச்சு வேலை தெரியாவிட்டால் எங்கெங்கே தேடுவது என்று தெரிந்திருக்காது.

அடுத்தது பக்கக் கணக்கு. மொத்தம் 22 பக்கம். எட்டரைக்குப் பதினொன்று தாளை நடுவில் மடித்து பின் அடிக்கிற புத்தகம். ஒரு தாள் மடித்தால் நாலு பக்கம். அதனால் மொத்தப் பக்கம் நாலால் வகுபட்டாகணும். 22 வகுபடாது. ஓனர் "கடைசி ரெண்டு பக்கம் வெறுமையா விட்டுடலாம்" என்றார். அக்கா ஐயாவிடம் திரும்பி, "ஐயா, ரெண்டு பக்கம் மீதம் இருக்கு. அம்மா பற்றி இன்னும் ஏதாவது வைக்கணுமா?" என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பர்ஸில் இருந்து ஒரு போட்டோவை எடுத்தார். ஊரில் இருந்த வீடு. முற்றத்தில் கிணறு, ஒரு பக்கம் முருங்கை. அந்த வீடு இப்போ இல்லையாம்.

"பிள்ளை, இதைப் போடுங்கோ. அம்மான்ர பேரில மட்டும் ஒரு எழுத்தும் பிழைக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை வரைக்கும் அக்கா உட்கார்ந்தாள். பழைய போட்டோவைச் சுத்தம் செய்து, நடுப்பக்கத்தில் ரெண்டு பக்கத்துக்கும் விரித்து வைத்தாள். அத்தான் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, பேரப்பிள்ளைகள் பட்டியலைச் சத்தமாகப் படிக்க, இவள் திரையில் சரிபார்த்தாள். சனிக்கிழமை மத்தியானம் புத்தகம் ரெடி. ஐயா முதல் பக்கத்தைத் திறந்து, அம்மா பேரின் மேல் விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை கவுன்டருக்கு வேறு பையன். அக்காவுக்கு உள்ளே மேஜை. ஓனர் போர்ட்ஃபோலியோ கேட்கவே இல்லை! அதுக்கப்புறம் அரங்கேற்ற அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா கார்டு, கோயில் திருவிழா மலர் என்று தமிழ் வேலைகள் வரிசைகட்டின. அன்றைக்குத்தான் பெரியம்மாவுக்கு போன் போட்டு உண்மையைச் சொன்னாள் என்று சொல்ல ஆசை. ஆனால் அதை அத்தான் மே மாசமே உளறிவிட்டார்.

இங்கே சுபம் போட்டால் நல்லா இருக்கும். ஆனா 2024-ல் அடுத்த குண்டு விழுந்தது. குண்டு என்றால், ஒரு நம்பர். கனடாவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீடு உண்டு. 2022 நவம்பரில் இருந்து குடியேற்றக் கணக்கில் 'டீர்' என்று 0 முதல் 5 வரை படிநிலை. கனடா அனுபவத்தை வைத்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் நிரந்தர வசிப்புரிமைக்கு முயற்சி செய்யணும்னா, உங்க வேலை 0 முதல் 3-க்குள் இருக்கணும். கிராஃபிக் டிசைனர் டீர் 2. மெஷின் ஓட்டும் பிரஸ் ஆபரேட்டர் டீர் 3. ஆனால் பிளேட் போடுவது, அச்சுக்கு முந்தைய ஃபைல் வேலை பார்ப்பது... டீர் 4! அக்கா உயிரைக் கொடுத்துக் கற்ற வித்தை, அந்தக் கணக்கில் பூஜ்யம். பதவிப் பேரை மட்டும் 'டிசைனர்' என்று மாற்றி எழுதினாலும் செல்லாது. செய்யற வேலையே அந்த விளக்கத்தோடு ஒத்துப் போகணும்.

2025-ல் லேபிள் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. அங்கே அப்போ லேபிள் வேலைக்கு ஆள் தேவை அதிகம். காரணம் ஒரு பூதக்கண்ணாடி. நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, சோடியம் அளவுக்கு மீறி இருக்கிற உணவுப் பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில், பூதக்கண்ணாடி படம் போட்ட கறுப்பு - வெள்ளைச் சின்னம் இருந்தாகணும் என்று கனடா அரசு 2022-ல் விதி கொண்டுவந்தது. கெடு 2026 ஜனவரி 1. சும்மா இருந்த பாக்கெட்டை எல்லாம் மறுபடி டிசைன் பண்ணணும். எல்லாம் ஆங்கிலம், பிரெஞ்சு ரெண்டு மொழியிலும்!

இன்டர்வியூவில் போர்ட்ஃபோலியோவை ரெண்டு நிமிஷம் புரட்டிவிட்டு, ஒரு லேபிள் ஃபைலைத் திறந்து வைத்து, 'இதில் என்ன தப்பு?' என்று கேட்டிருக்கிறார்கள். ஓரத்தில் வெட்டுக்கு விட வேண்டிய பிளீட் இல்லை. படம் ஆர்.ஜி.பி-யில் இருக்கிறது. சின்னக் கறுப்பு எழுத்து நாலு கலரிலும் ஓடுகிறது, கொஞ்சம் ரெஜிஸ்டர் விலகினாலும் எழுத்து மங்கும். வெள்ளை எழுத்துக்கு 'ஓவர்பிரின்ட்' போட்டிருக்கிறது, திரையில் தெரியும், அச்சில் காணாமல் போகும். எல்லாம் கடகடவென்று சொல்லிவிட்டாள். ஒன்றை விட்டுவிட்டாள். பக்கவாட்டில் பொருளின் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, பிரெஞ்சு இல்லை. அச்சுப்படி சரி, சட்டப்படி தப்பு.

ஆனாலும் கூப்பிட்டார்கள். ரெண்டு இடம் காலி. பிளேட் ரூமில் ஒன்று, டிசைனில் ஒன்று. பிளேட் ரூமில் மணிக்கு ஒன்றரை டாலர் அதிகம். அக்கா டிசைனை எடுத்துக்கொண்டாள், அந்தப் பாழாய்ப்போன டீர் நம்பருக்காக. "பக்கத்து ரூம்ல பிளேட் மெஷின் சத்தம் கேட்கும்டா. ஏதோ அம்மா வீட்டு வாசல்ல நின்னுட்டு உள்ள போகாம வர்ற மாதிரி இருக்கும்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போ வாரம் ரெண்டு நாள் பிரெஞ்சு கிளாஸ் போகிறாள்.

'கான்வா இருக்கு, ஏ.ஐ. இருக்கு, இனிமே டிசைனர் எதுக்கு?'ன்னு நம்ம காலேஜ் கேன்டீனில் தினமும் ஒரு ஞானி பேசுவார். அதை அக்காவிடம் கேட்டேன். சிரித்தாள். "அதுல செஞ்சுட்டு வர்ற ஃபைலைச் சரி பண்றதுதான்டா பாதி நாள் வேலையே." பாதி நாள்தான். மீதி நாளைப் பற்றி அவளுக்கும் கொஞ்சம் பயம் இருக்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

சரி, நம்ம விஷயத்துக்கு வரேன். உங்க போர்ட்ஃபோலியோவை இப்போவே எடுத்துப் பாருங்க. எனக்குத் தெரிந்து அதில் அழகான படங்கள் இருக்கும், மாக்-அப் இருக்கும், மக்கிக்குப்பை மாதிரி பத்து லோகோ இருக்கும். எது எந்தத் தாளில், எந்த மெஷினில் அச்சாச்சு, முதல் ப்ரூஃபில் என்ன தப்பு வந்தது, எப்படிச் சரி பண்ணினீங்க... அது இருக்கா? என்னோடதில் இல்லை. அக்கா, "முன்னாடி - பின்னாடி ரெண்டையும் வை. தப்பான ஷீட்டையும் வை. முடிஞ்சா பிரிண்ட் போட்டு புக்கா கொண்டு போ. பிரஸ்காரன் தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவான்" என்றாள். சிவகாசியில் தான் தூக்கிப் போட்ட ரெஜிஸ்டர் விலகின ஷீட்டுகளை எல்லாம் ஒரு கட்டாவது சூட்கேஸில் வைத்திருக்கலாம் என்று இப்போ புலம்புகிறாள். அந்த இடத்தில் பெரியம்மா ரெண்டு கிலோ அரிசி வடகம் வைத்து அனுப்பியிருந்தார்.

நானும் ரோஷம் வந்து, மூணு ராத்திரி கண் முழித்து, இன்டிசைனில் புதுசாகப் போர்ட்ஃபோலியோ போட்டேன். எட்டரைக்குப் பதினொன்று அளவு. மூணு மில்லிமீட்டர் பிளீட். கறுப்பு எழுத்து கறுப்பில் மட்டும். தப்பான ஷீட்டுக்குத் தனிப் பக்கம். மொத்தம் பதினாலு பக்கம், நடுவில் மடித்துப் பின் அடிக்கிற மாதிரி. 'எப்படிக்கா?' என்று பெருமையாக அனுப்பினேன்.

அவளுக்கு அங்கே விடியக்காலை. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"பதினாலு நாலால வகுபடுமாடா?"

ரெண்டு பக்கத்துக்கு என்ன வைக்கலாம்னு தேடிட்டு இருக்கேன் பாஸ்.